எனக்குப் பதிலாக ஏறிய வெருளி

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வைக்கோல் அடைத்த ஒரு பொம்மைக்கு என்னுடைய சேட்டைப் போட்டு, என்னுடைய தொப்பியைக் கவிழ்த்து, எனக்குப் பதிலாக அதை வேலைக்கு அனுப்பிய மனிதன் நான். அப்போது எனக்கு ஐம்பது வயதுக்குக் கிட்ட. குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. இதைவிடக் கெட்டித்தனமான யோசனை யாழ்ப்பாணத்தில் ஒருவனுக்கும் வந்திருக்காது என்ற பெருமையோடு, நல்ல தெளிவான புத்தியோடுதான் செய்தேன்.

நான் மேசன். கல்லும் கட்டுவேன் என்றாலும் பெயர் எடுத்தது பூச்சு வேலையில். நான் பூசின சுவரில் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்க்கலாம் என்று ஊரெல்லாம் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லித் திரிகிறவனும் நான்தான்.

அந்த வருடம் கோப்பாயில் ஒரு மாடி வீட்டில் வேலை. சொந்தக்காரர் கனடாவில். வீட்டின் முகப்பை ஏன் அவ்வளவு உயரத்துக்கு எழுப்பச் சொன்னார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கனடாவிலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்று நினைத்திருப்பார் போல. பார்க்கவும் செய்தார். எதிர் வளவுத் தென்னையில் ஒரு கமராவைப் பூட்டி, வீடு வளர்வதை அங்கிருந்தே போனில் பார்த்துக்கொண்டிருந்தார். அதே படம், கட்டட வேலையைப் பொறுப்பெடுத்த எங்கள் கொந்தராத்துக்காரரின் போனிலும் ஓடும். புதுவீட்டுக்குள் போகிற குடிபூரலுக்கு நாள் வைத்தாகிவிட்டது, விமான ரிக்கற்றும் எடுத்தாகிவிட்டது. வீடு மட்டும்தான் பாக்கி.

கொந்தராத்துக்காரர் என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர். நான் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். நல்ல பிள்ளை. ஆனால் குடிபூரல் கிட்டக் கிட்ட அந்தப் பிள்ளைக்கு நிம்மதியாக ஒரு சோறு இறங்கவில்லை. கனடாவிலிருந்து அவருக்குப் போன் வரும். உடனே அவரிடமிருந்து எங்களுக்குப் போன் வரும். நாங்கள் போன் எடுத்து ஏசுவதற்கு ஆள் இல்லாததால் கலவையை ஏசுவோம்.

நாங்கள் மூன்று பேர். பெரிய மேசன் குருநகரைச் சேர்ந்தவர். கடல்காரக் குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துவராமல் சீமெந்துக்கு வந்தவர். சாரக்கட்டில் ஏறும்போது ஒவ்வொரு தட்டிலும் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். பக்திமான் என்று எனக்கு அவரில் தனி மரியாதை. கலவை குழைத்துத் தருகிறவள் அரியாலைப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். நான் தங்கச்சி என்பேன், அவள் அண்ணை என்பாள், அதிகாரம் முழுக்க அவளுடையது. மூன்றாவது ஆள் நான். பகிடி விடுவது என் பொறுப்பு. நேரம் கிடைத்தால் பூசவும் செய்வேன்.

பாதுகாப்பு என்று கேட்டால், அதுவும் இருந்தது. தலைக்கவசங்கள் தந்திருந்தார்கள். வெயிலுக்கு அதைப் போட்டால் தலைக்குள் இடியப்பம் அவியும். ஆகையால் ஒன்றில் ஆணி போட்டு வைத்தோம், இன்னொன்றில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டது. இடுப்பில் கட்டும் பெல்ற் வரும் வரும் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தார். சாரக்கட்டுக்குக் கைப்பிடிக் குழாய் பூட்டவில்லை. மிதிக்கிற பலகைகளைக் கம்பியால் கட்டவுமில்லை. கட்டினால் இடம் மாற்றும்போது அவிழ்க்கவேண்டும், அதற்கு நேரம் போகும். அந்த நாட்களில் எங்களிடம் இல்லாத ஒரே சாமான் நேரம்தான்.

ஒரு நாள் முகப்பின் மேல்தட்டில் நின்று பூசிக்கொண்டிருந்தேன். பலகையின் நுனிப்பக்கம் ஒரு அடி தள்ளி வைத்தேன். பலகை சீசோ மாதிரி எழும்பியது. கையில் இருந்த பூச்சுக் கரண்டி பறந்தது. நான் பக்கத்துக் குழாயைக் கட்டிப்பிடித்தேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் யாரையும் அவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்பிடித்ததில்லை. ஒரு கீறல் கூட இல்லை. இறங்கி வந்து, நான் குழாயில் தொங்கின விதத்தை நடித்துக் காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த வளவுக்காரர் வேலியால் எட்டி, இன்னொருமுறை நடிக்கச் சொல்லிக் கேட்டார். நடித்தேன்.

அடுத்த நாள் காலை சாரக்கட்டின் முதல் தட்டில் கால் வைத்தேன், முழங்கால் என்னுடைய பேச்சைக் கேட்கவில்லை. வாய்க்குள் சீமெந்துத் தூள் போட்ட மாதிரி. நான் சறத்தை அவிழ்த்துக் கட்டுகிற மாதிரி நேரம் கடத்தி, மூத்திரம் பெய்யப் போகிற மாதிரிப் பின்பக்கம் போய், கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டேன். வீட்டிலும் இதே கூத்து. பல்ப் மாற்றக் கதிரையில் ஏறச் சொன்ன மனைவியிடம், பெண்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று பேசி, அவரையே ஏற்றினேன்.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் ஏலாது. பூச்சு மேசன் ஒருவன் மேலே ஏறமாட்டான் என்றால் அவனை வைத்து என்ன செய்வது? இன்னொருவன் வந்து என்னுடைய இடத்தில் நிற்பான், நான் கீழே நின்று அவனுக்குக் கலவை எடுத்துக் கொடுப்பேன். இந்தத் தொழிலைத் தவிர எனக்குத் தெரிந்தது பகிடி மட்டும். அதற்கு ஊரில் யாரும் நாட்கூலி தருவதில்லை. ஆகவே நாட்கணக்காகச் சாட்டுச் சொன்னேன். மண் சரியில்லை, அரிக்கவேண்டும் என்றேன். வெயில் சுவரில் நேரே அடிக்கிறது, பூச்சு வெடிக்கும் என்றேன். கீழ்ச் சுவர்களைப் பூசினேன். பூசின சுவரைத் திரும்பவும் தேய்த்தேன்.

ஒரு பின்னேரம் தம்பி போன் எடுத்தார். நாளைக்கு முகப்பில் ஆள் நிற்கவேண்டும், தான் கமராவில் பார்ப்பேன், நிற்காவிட்டால் வேறு ஆள் பார்க்கவேண்டி வரும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழுகிற குரலில் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது.

புது வீடு கட்டும்போது கண்ணூறு படாமல் இருக்க முன்னால் ஒரு வெருளி கட்டித் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். பழைய காற்சட்டை சேட்டுக்குள் வைக்கோலை அடைத்து, தலைக்கு ஒரு பானையைக் கவிழ்த்து, சுண்ணாம்பால் கண்ணும் மீசையும் கீறிவிடுவார்கள். எங்கள் வெருளிக்கு முகம் கீறினவன் நான். கொஞ்சம் என்னுடைய சாயல் விழுந்துவிட்டது. அடுத்த நாள் காலை அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. கமரா தூரத்தில். படத்தில் மனிதர்கள் எறும்பளவுதான் தெரிவார்கள். எறும்புக்கு முகம் யார் பார்க்கிறார்கள்?

மாடிக்குள் நிற்க எனக்குப் பயமில்லை, காலுக்குக் கீழே கொங்கிறீற் இருந்தது. மேல்மாடி யன்னல் ஓட்டையால் வெருளியைத் தடியால் தள்ளி, சாரக்கட்டுப் பலகையில், முகத்தைச் சுவருக்குக் கொடுத்து நிறுத்தினேன். அதற்கு என்னுடைய சேட்டும் தொப்பியும் போட்டுவிட்டிருந்தேன் அல்லவா, நல்ல பொருத்தம். விழாமல் இருக்க இடுப்பைக் குழாயோடு சேர்த்துக் கட்டினேன். எதனால் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. கைக்குக் கிடைத்த வாழைநாரால்.

அன்றைக்குத் தங்கச்சி வரவில்லை, உடுவிலில் மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம். பெரிய மேசன் பின்சுவரில். நான் சமையலறைக்குள் இருந்து, குளிர்ச்சியாக, சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். பின்னேரம் போன் வந்தது.

"என்ன அண்ணை, பிளேன்ரீக்கும் இறங்கேல்லைப் போல கிடக்கு. கனடாவிலையிருந்து வீட்டுக்காரரும் பாத்திட்டுச் சந்தோசப்படுறார். ஆள் அங்கை இஞ்சை அசையாமல் நிண்டு வேலை செய்யுதாம்."

வேலையில் இறங்கினால் எனக்கு உலகமே தெரியாது என்று நானும் சொன்னேன். முப்பது வருடத்தில் நான் வாங்கின ஒரே பாராட்டு அது. அதையும் வைக்கோல் வாங்கித் தந்தது.

பாராட்டுக் கிடைத்தால் மனிதன் சும்மா இருப்பானா? அடுத்த நாளும் வெருளியை ஏற்றினேன். அன்றைக்குத் தங்கச்சி வந்துவிட்டாள். வந்ததும் அண்ணாந்து பார்த்து, "என்ன அண்ணை, வெள்ளணவே ஏறியாச்சோ, கலவை கொண்டு வரட்டோ" என்று கேட்டாள். வெருளி பதில் சொல்லவில்லை. கோபமாக இருக்கிறார் போல என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சாரக்கட்டுக்குக் கீழேயே கலவைப் பெட்டியை இழுத்து வைத்துக் குழைக்கத் தொடங்கினாள். நான் சமையலறைக்குள் நின்று, சிரிப்பு வெளியே போகாமல் தோளைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம். சோளகக் காற்று காலையிலேயே வாழைத் தோட்டங்களைக் கிழித்துக்கொண்டிருந்தது. பத்து மணி போல ஒரு வீச்சு வீசியது. மேலே ஏதோ உராய்ந்தது. பிறகு ஒரு பெரிய சத்தம், அதன் மேல் இன்னொரு சத்தம். அடுத்ததாகத் தங்கச்சியின் குரல். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஓடி வெளியே வந்தேன். என்னுடைய சேட் மண்ணில் குப்புறக் கிடந்தது. பானை உடைந்து நாலு பக்கமும் சிதறியிருந்தது. தங்கச்சி தண்ணீர் வாளியோடு கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தவள், வாளியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெருளியோடு சேர்ந்து மேல்தட்டுப் பலகையும் வந்திருந்தது. அது விழுந்த இடம் கலவைப் பெட்டி. பெட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. தண்ணீர் முடிந்திருக்காவிட்டால் அவள் அந்த இடத்தில்தான் குனிந்து நின்றிருப்பாள்.

பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். கீழே கிடந்த என்னைப் பார்த்தாள். திரும்பவும் சமையலறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கை நிறையக் கலவையை அள்ளி என்னுடைய நெஞ்சில் எறிந்தாள். வெறும் மேலோடு நின்றேன், நன்றாக ஒட்டியது.

"என்ரை மனுசன் விழேக்கையும் இந்தச் சத்தம்தான் கேட்டது," என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். அவளுடைய மனிதர் முன்பு ஒரு கட்டடத்தில் விழுந்து இடுப்பு உடைந்தவர் என்றும், இப்போது ஊன்றுகோலோடு லொத்தர் ரிக்கற் விற்கிறார் என்றும் எனக்குத் தெரியும். இத்தனை நாளும் அது எனக்கு ஒரு செய்தியாக மட்டும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, மண்ணில் கிடந்த வெருளியின் நெஞ்சுக்குள் போன் அடித்தது. சேட் பையிலிருந்து எடுக்க மறந்திருக்கிறேன். பின்சுவரிலிருந்து ஓடி வந்த பெரிய மேசன், தலையில்லாத உடம்பில் மணி அடிப்பதைப் பார்த்து ஒரு சிலுவை போட்டார். நான் குனிந்து எடுத்து ஹலோ என்றேன். மறுபக்கத்தில் தம்பி.

"அண்ணை... ஆர் கதைக்கிறது?"

"நான்தான் தம்பி."

"நீங்கள் விழுந்திட்டியள் அண்ணை."

இல்லை தம்பி, நான் நல்லாக இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போன் வெட்டுப்பட்டது. மானிப்பாய்ப் பக்கம் இன்னொரு வேலையில் நின்றவர், எவ்வளவு வேகத்தில் ஓடினார் என்று தெரியாது, மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் அம்புலன்சும் வந்தது. அதையும் அவரே கூப்பிட்டிருக்கிறார். வந்தவர்கள் காயப்பட்டவர் எங்கே என்று கேட்டார்கள். பெரிய மேசன் மரியாதையாக வெருளியைக் காட்டினார். அவர்கள் என்னைப் பேசின பேச்சு எனக்குத் தேவைதான். ஆனால் வந்தது வீண்போகவில்லை. மண்கும்பியில் குந்தியிருந்த தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் பட்டியைச் சுற்றிப் பிறசர் பார்த்தார்கள். அது எங்கள் முகப்பைவிட உயரத்தில் நின்றது. ஆகவே விழுந்தவனை விட்டுவிட்டு, பார்த்தவனைப் பிறசர் இறங்கும்வரை அங்கேயே படுக்கவைத்தார்கள்.

கனடாக்காரர் இதொன்றையும் பார்க்கவில்லை. அங்கே அவர் நல்ல நித்திரை. எனக்குக் கடவுள் செய்த உதவி அது ஒன்றுதான்.

அம்புலன்ஸ் போன பிறகு தங்கச்சி பிளேன்ரீ போட்டுக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள், ஆனால் சீனி போடவில்லை. தம்பி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நான் ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்.

"அண்ணை, போனிலை நீங்கள் விழுறதைப் பாக்கேக்கை எனக்கு உங்கடை முகம் நினைவு வரேல்லை," என்றார். "அந்தக் கட்டாத பலகைதான் நினைவு வந்தது."

அதற்குப் பிறகு எனக்கு மறைக்க மனம் வரவில்லை. எனக்கு ஏறப் பயமாக இருக்கிறது தம்பி, அன்றைக்குப் பலகை எழும்பின நாளிலிருந்து கால் ஏறமாட்டேன் என்கிறது, அதற்காகத்தான் இந்த விசர்வேலை பார்த்தேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்ததாகச் சிரிப்புக் கேட்கும் என்று நினைத்தேன். என்னுடைய தொழிலில் அதைத்தான் எதிர்பார்க்கலாம்.

பெரிய மேசன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டேய், நான் ஏன் ஒவ்வொரு தட்டிலையும் சிலுவை போடுறன் எண்டு நினைச்சனி? பக்தியெண்டோ?"

இத்தனை வருடமும் பக்தி என்றுதான் நினைத்தேன் என்றேன். கோயிலில்கூடத் தான் அவ்வளவு போடுவதில்லை என்றார். மேல்தட்டில் நிற்கும்போது ஒருநாளும் கீழே பார்த்ததில்லையாம். கடலில் அப்பா தலைசுற்றுக்காரன் என்று கேலி செய்த பயத்தில், இங்கேயும் வெளியே சொல்லவில்லையாம். பக்கத்துப் பக்கத்தில் நின்று பூசின இரண்டு பேர், ஒருவனுக்கு ஒருவன் வீரனாக நடித்துக்கொண்டு, இத்தனை காலம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். சுவர் ஏன் அவ்வளவு மேடுபள்ளம் இல்லாமல் ஒப்பரவாக வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்றைக்கே தம்பி கனடாவுக்குப் போன் எடுத்தார். முகப்புப் பூசாமலே குடிபூரலாம், அல்லது பிந்திக் குடிபூரலாம், இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டதாகச் சொன்னார். மற்றப் பக்கத்தில் நிறையக் கதைத்திருக்கிறார்கள். கடைசியில் காசைக் கூட்டாமல் நாளை மட்டும் நீட்டினார்கள்.

பிறகு முகப்புச் சாரக்கட்டைப் பிரித்து முதலிலிருந்து கட்டினோம். கைப்பிடிக் குழாய் பூட்டினோம். பலகைக்கு இரண்டு பக்கமும் கம்பி. கலவை தூக்க ஒரு கப்பி, அதன் கீழே ஒருவரும் நிற்காதபடி கயிறு கட்டி மறிப்பு. பெல்ற்றும் வந்தது. தம்பி ஒவ்வொரு முடிச்சையும் தானே இழுத்துப் பார்த்தார். அவர் போன பிறகு நாங்கள் இழுத்துப் பார்த்தோம். நாங்கள் சாப்பிடப் போன பிறகு தங்கச்சி இழுத்துப் பார்த்ததைக் கண்டேன். கோழியைக் கலைத்துத் தலைக்கவசத்தையும் கழுவினோம். கோழிதான் இந்தக் கதையில் நட்டப்பட்ட ஒரே ஆள்.

நீங்கள் கீழ் வேலையைப் பாருங்கோ அண்ணை, முகப்புக்கு வேறு ஆள் பார்க்கிறேன், கூலி குறையாது என்று தம்பி சொன்னார். மனத்தோடுதான் சொன்னார். ஓம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு இரவு முழுக்க ஓம் என்று சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். காலையில் அந்த முகப்பைப் பார்த்தபோது, அதில் இன்னொருவன் பூசுவதைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கவேண்டி வரும் என்று நினைத்தேன். பாதிக்கு நான் பூசியிருந்தேன். அவன் என்னுடைய பாதியில் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஏதாவது சொன்னால்? ஒரு தரம் ஏறிப் பார்க்கிறேன், ஏலாவிட்டால் இறங்கிவிடுகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன்.

ஏறினேன். முதல் தட்டில் முழங்கால் பழைய பாட்டைத் தொடங்கியது. கைப்பிடியைப் பிடித்தேன். அது அசையவில்லை. இரண்டாம் தட்டில் நான் சைவக்காரன் என்பதை மறந்து ஒரு சிலுவை போட்டேன். எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த பெரிய மேசன் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிழையான கையால் போடுகிறேன் என்றார். மேல்தட்டில் பலகையை மிதித்தேன். அது எழும்பவில்லை. பெல்ற்றின் கொளுவியைக் குழாயில் மாட்டினேன். மாட்டுப்பட்டதா என்று இழுத்துப் பார்த்தேன். திரும்பவும் இழுத்துப் பார்த்தேன். பிறகு அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

சோளகம் இன்னும் வீசிக்கொண்டிருந்தது. தோட்டங்களும் கிணறுகளும் றோட்டில் போகிற பஸ்சும் தெரிந்தன. அழகாகத்தான் இருந்திருக்கும். நான் ஒரு கண்ணால் மட்டும் பார்த்தேன். கப்பியில் கலவை வாளி ஏறி வந்து எனக்கு முன்னால் ஆடிக்கொண்டு நின்றது. அதை எடுக்க ஒரு கையை விடவேண்டும். எந்தக் கையை விடுவது என்று யோசித்தேன். பெரிய மேசன் தன்னுடைய பக்கத்தைப் பூசத் தொடங்கிவிட்டார். மறிப்புக் கயிற்றுக்கு வெளியே, கப்பிக் கயிற்றைப் பிடித்தபடி தங்கச்சி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

நேரம் கடத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி கதைதான்.

"தங்கச்சி," என்று மேலேயிருந்து கூப்பிட்டேன். "மறைக்காமல் ஒண்டு சொல்லு. கீழை நிண்டு பாக்க, எனக்குக் கால் நடுங்கிறது தெரியுதோ? தெரியுதெண்டால் சொல்லு, நான் வேறை மாதிரி நிக்கிறன். தம்பியும் கமராவிலை பாத்துக்கொண்டிருப்பார், கனடாவும் இன்னும் நித்திரைக்குப் போயிருக்காது, ஆக்களுக்கு முன்னாலை ஒரு வடிவாய் நிக்கவேணும் பார்."

"கலவை இறுகுது, அண்ணை."